அண்ணாச்சி கொடுத்த மூன்று தீவுகள்

கார்த்திகை 2, ஞாயிறு. கொச்சி

காலையிலிருந்து தூறல். துறைமுகத்தில் நீள வரிசை. கப்பல் வெள்ளை. அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலி.

இந்த டைரி எங்கள் பிரஸ்ஸில் கழிவாகப் போனது. ஜூலை இரண்டு தடவை வருகிறது, ஆகஸ்ட் இல்லை. அடுக்கியவளுக்குத் தூக்கம் போல. செக்கிங்கில் நான்தான் பிடித்து ஒதுக்கினேன். கழிவை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பது திருத்தங்கல் பைண்டிங்காரிகளுக்கு இருக்கும் சலுகை. அச்சடித்த தேதியை அடித்துவிட்டு இரண்டாவது ஜூலையில் எழுதுகிறேன். ஒருவருக்கும் சொந்தமில்லாத மாதம். நன்றாகத்தான் இருக்கிறது.

கொண்டு வந்தவை: முறுக்கு இரண்டு டப்பா. புளியோதரை. இஞ்சி மரப்பா. இவருக்கு லுங்கி மூன்று. எனக்குச் சேலை நாலு (கடலில் யார் பார்க்கப் போகிறார்கள்?). குடை.
மறந்தவை: சீப்பு. தேங்காய் எண்ணெய். இவருடைய கண்ணாடிக் கூடு.

சக்கரம் வைத்த பெட்டி மகள் கௌசல்யா கோவில்பட்டியிலிருந்து இரவல் கொடுத்தது. இந்த மனுஷன் அதை உருட்டவே இல்லை. ஸ்டேஷனில் தோளில், ஆட்டோவில் மடியில், துறைமுகத்தில் மறுபடி தோளில்.

"உருட்டத்தானே சக்கரம் வச்சிருக்கான்?" என்றேன்.

"இழுக்கப்படாது மாரி. கை வரல."

இருபத்தாறு வருடமாகப் பட்டாசு ஆபீஸில் போர்மேன் (ஃபேக்டரியை எங்கள் பக்கம் ஆபீஸ் என்போம்). அங்கே எதையும் தரையில் இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். உரசினால் போச்சு. அந்தப் பாடத்தை எர்ணாகுளம் பிளாட்பாரத்திலும் நடத்துகிறார். கேபின் கதவில் பித்தளைக் கைப்பிடி. உள்ளே நுழையும் முன் உள்ளங்கையை அதில் வைத்து ஒரு நிமிஷம் நின்றார். வெடிமருந்து அறை வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள், உடம்பில் இருக்கும் கரண்டு இறங்கட்டும் என்று. அந்தப் பழக்கம். கப்பல் பையன்கள் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள்.

கேபினில் நாலு கட்டில். நாங்கள் இருவர், கோயம்புத்தூர் டீச்சரம்மா, அவர் கணவர்.

டிக்கெட் அண்ணாச்சி கொடுத்தது. அண்ணாச்சி என்றால் இவருடைய முதலாளி. வடக்கே ஒரு ஏஜெண்டு அவருக்குக் கொடுத்த டூர். அவருக்கு மூட்டுவலி. "நீயும் ஒன் வீட்டுக்காரியும் போயி மூணு தீவையும் பாத்துட்டு வாங்கலே" என்றார். தீபாவளிக்குப் பிறகு ஆபீஸ் அடைத்திருக்கிறது. வருகிற 10ஆம் தேதி திங்கள் பூஜை போட்டுத் திறக்கிறார்கள். அன்றைக்கு இவர் ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

அண்ணாச்சியின் மச்சான் ஏழாயிரம்பண்ணைக்கு அப்பால் ஒரு யூனிட்டைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். சர்டிபிகேட் உள்ள போர்மேன் இல்லாமல் நடத்த அனுமதி கிடையாது. இவர் அங்கே வேலைக்குப் போக வேண்டாம். பேர் இருந்தால் போதும். பேரும் சர்டிபிகேட்டும்.

இன்னொரு போர்மேன் சண்முகையா அண்ணனும் இப்படித்தான் ஒரு யூனிட்டுக்குப் பேர் கொடுத்தார். அதற்குள் ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை. அங்கே வெடித்தபோது அவர் தென்காசியில் கல்யாணப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இலையிலிருந்து எழுப்பிப் போலீஸ்காரர்கள் கூட்டிப் போனார்கள். இன்னும் வாய்தாவுக்கு அலைகிறார். செத்தவர்களின் பேரைப் பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். ஒரு கல்யாண வீட்டிலும் இப்போது அவர் சாப்பிடுவதில்லை.

இவர் கையெழுத்துப் போடக் கூடாது. எனக்குத் தெரியும், இவருக்கும் தெரியும். ஒரு மாதமாக இரண்டு பேர் வாயிலும் கொழுக்கட்டை.

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. கௌசல்யா கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போனார். எனக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராண்டாவில் இவரோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தார். கெட்டவராக இருந்தால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிட்டு வரலாம்.

கப்பல் நகர்ந்ததே தெரியவில்லை. ஜன்னலில் கொச்சிதான் மெல்ல விலகிப் போயிற்று.


கார்த்திகை 3, திங்கள். கவரத்தி

தூறல் போன இடம் தெரியவில்லை. ஏழு மணிக்கே பளீர் வெயில். டீச்சரம்மாவுக்கு மூன்று தடவை வாந்தி. இஞ்சி மரப்பா முழுவதும் அவருக்கே போயிற்று. எனக்கு ஒன்றுமில்லை. தொட்டிலில் போட்ட மாதிரி தூங்கினேன்.

கப்பல் கரைக்குப் போகாதாம். நடுக்கடலில் நின்றுகொண்டு வயிற்றுப் பக்கம் ஒரு கதவைத் திறக்கிறார்கள். கீழே படகு ஏறி இறங்கி ஆடுகிறது. அது மேலே வரும் நேரம் பார்த்துக் காலை வைக்க வேண்டும், யோசித்தால் போச்சு. இரண்டு பேர் கையைப் பிடித்து என்னை அரிசி மூட்டை மாதிரி இறக்கினார்கள். ஆரஞ்சு மிதவைச் சட்டைக்குள் முந்தி மாட்டிக்கொண்டது. மானம் போயிற்று என்று நினைத்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர். எப்படி எழுதுவது? திருச்செந்தூரில் பார்த்தது கடல் என்றால் இதற்கு வேறு பேர் வைக்க வேண்டும். தீவுப் படம் போட்ட காலண்டர்களை எத்தனையோ வருடம் கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கிறேன். மெஷின்காரன் கலரை ஏற்றிவிட்டான் என்று திட்டியிருக்கிறேன். பாவம், அவன் ஒன்றும் ஏற்றவில்லை.

கரைக்கும் அலைக்கும் நடுவில் அரை மைல் அகலத்துக்குத் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. தூரத்தில் பவளப்பாறை வரிசை. அலை எல்லாம் அங்கேயே உடைந்துவிடுகிறது. சத்தம் மட்டும் மெதுவாக இங்கே வருகிறது. தண்ணீருக்குள் நின்றால் கால் விரல் நகம்கூடத் தெரிகிறது. என் கால் இவ்வளவு வெளுப்பா!

கண்ணாடி அடிப் படகில் போனோம். குனிந்து பார்த்தால் கீழே ஒரு ஊர். மாடி வீடு மாதிரி பவளம், சந்து, முடுக்கு. மஞ்சள் மீன் ஒரு கூட்டம், பள்ளிக்கூடம் விட்ட மாதிரி. பச்சையும் ஊதாவுமாக ஒன்று தனியாக, ஒருத்தரையும் மதிக்காமல் போயிற்று. டீச்சரம்மா "அய்யோ, அங்க பாருங்க, இங்க பாருங்க" என்று ஒரே கூப்பாடு. இவர் மட்டும் கண்ணாடியில் நெற்றியை ஒட்ட வைத்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. வெகு நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

"பச்சைக்குப் பேரியம் போடுறோம். செவப்புக்கு ஸ்ட்ரான்சியம். நீலந்தான் நமக்கு ஒழுங்கா வராது. எம்புட்டுப் பாடுபட்டாலும் வெளுத்துரும். இங்கன பாரு, சும்மா கெடக்கு."

கல்யாணம் ஆகி இருபத்தைந்து வருடத்தில் தன் வேலையைப் பற்றி இவர் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது இதுதான் முதல் தடவை. அதுவும் நீலத்தைப் பற்றி.

மதியம் தேங்காய்ப்பால் ஊற்றிய சூரை மீன் குழம்பு. இரண்டு தடவை சோறு வாங்கினேன். தென்னைக்கு அடியில் பாய் போட்டிருந்தார்கள். படுத்தால் தரை மெதுவாக ஆடுகிறது. கப்பல் இன்னும் உடம்புக்குள் இருக்கிறது.

பிற்பகல் போனில் சிக்னல் வந்தது. வந்ததும் அண்ணாச்சி. இவர் போனை என் கையில் திணித்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்து நடந்துவிட்டார். வீரர்.

"என்னத்தா, நல்லாருக்கீகளா? தண்ணி நல்லாருக்கா?"

"நல்லாருக்கு அண்ணாச்சி. நீங்கதான் வரல."

"என் முட்டி எங்கத்தா வருது? நீங்க நல்லாப் பாருங்க. அங்கன போயி என்னைய நெனைக்கப்படாது. ஒங்க முத்துராசு கிட்ட சொல்லுங்க, மச்சான் பேப்பரெல்லாம் ரெடி பண்ணிட்டான், வந்து பாத்துக்கிடலாம்னு."

"சொல்லுறேன் அண்ணாச்சி."

சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. "சாப்பிட்டீகளான்னு கேட்டாரு" என்றேன். "ம்" என்றார். அவ்வளவுதான் எங்கள் சாமர்த்தியம்.


கார்த்திகை 4, செவ்வாய். கல்பேனி

காற்று. மேகம் துண்டு துண்டாக. தலைமுடி சடை பிடித்துவிட்டது. டீச்சரம்மா சீப்புக் கொடுத்தார்.

தண்ணீர் வற்றும் நேரமாம். பவளப்பாறை மேல் நடக்கக் கூட்டிப் போனார்கள். கணுக்கால் அளவு தண்ணீரில் கடலுக்குள் அரை மைல் நடந்தோம். கடல் நடுவில் நிற்கிறேன், சேலை நனையவில்லை. திரும்பிப் பார்த்தால் தீவு ஒரு பச்சைக் கோடு. இவர் முன்னால், கையில் செருப்பு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு. ஆனைக்குட்டம் அணையில் மீன் பிடிக்கப் போகும் இளவட்டம் மாதிரி இருந்தார். ஏதோ சொன்னார், காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது. நானும் ஏதோ சொன்னேன். அதுவும் போயிற்று. என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை.

பார்த்தவை: கடல் அட்டை (சீ!). நீல நட்சத்திர மீன். முள்ளெலி மாதிரி கறுப்பாக ஒன்று, தொடக் கூடாது என்றார்கள். சங்குக்குள் வாழும் நண்டு. தன் வீட்டை முதுகில் தூக்கிக்கொண்டு போகிறது, இழுக்காமல். இவரிடம் காட்டினேன். சிரித்தார்.

சாப்பிட்டுவிட்டுத் தூங்கினோம். எனக்குக் கனவு. வீட்டு முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர், அந்த நிறத்தில். பாத்திரமெல்லாம் மிதக்கிறது. நான் கவலைப்படவில்லை. கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இவர் வாசலில் நின்று, "மாரி, மீன் உள்ள வந்திருச்சு" என்கிறார். "வரட்டும், கதவைச் சாத்தாதீக" என்கிறேன். விழித்தபோது முகத்தில் தென்னங்கீற்று நிழல் அசைந்தது. எங்கே இருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. தெரியாமலே இருந்திருக்கலாம்.

அடுத்து நடந்ததை எழுத வேண்டும்.

கப்பலுக்குத் திரும்பும் நேரம். படகுத்துறைப் படிக்கட்டு. இவருக்குத் தூக்கம் முழுதும் கலையவில்லை, கண் சிவந்திருந்தது. முதல் ஆளாகப் போய்ப் படியோரம் நின்று மற்றவர்களை ஏற்றிவிட்டார். ஒருவர், இருவர், மூவர். நாலாவது ஆள் டீச்சரம்மா. அவர் ஏறி உட்கார்ந்தாரோ இல்லையோ, இவர் கை நீண்டது. படியை மறித்து, குறுக்கே.

"நாலு ஆச்சு. மத்தவங்க வெளிய நில்லுங்க."

ஆபீஸ் குரல். வீட்டில் நான் கேட்டறியாத குரல். சத்தம் போடவில்லை, ஆனால் யாரும் மீற மாட்டார்கள். பின்னால் இருபத்தைந்து பேர். அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள்! யாரும் ஏன் என்று கேட்கவில்லை. படகு நாலு பேரோடு காலியாக ஆடிக்கொண்டு நின்றது. படகுக்காரர் இவரைப் பார்க்கிறார், எங்களைப் பார்க்கிறார்.

டீச்சரம்மாதான் உள்ளேயிருந்து சொன்னார். "ஏனுங்க, இது முப்பது பேர் போற படகுங்க."

இவர் தன் கையைப் பார்த்தார். யாருடைய கையோ என்பது போல. சட்டென்று மடக்கிக்கொண்டார். "மன்னிச்சுக்கிடுங்க" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். படகுக்காரரும்தான். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய?

பட்டாசு ஆபீஸில் மருந்து வேலை நடக்கும் அறைக்கு நாலு பேர்தான். ஐந்தாவது ஆள் வாசப்படி தாண்டக் கூடாது. கதவிலேயே எழுதியிருக்கும். எழுதினால் போதுமா, வாசலில் ஒரு ஆள் வேண்டும். தினமும் அந்தக் கையை நீட்டி நீட்டித்தான் இந்த மனுஷன் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறார். இவர் பார்க்கும் அறைகளில் இதுவரை ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

கப்பலில் ஏறிய பிறகு டீச்சரம்மா: "அவர் சொன்னதும் நின்னுட்டாங்களே, எல்லாரும். பள்ளிக்கூடத்துல நான் கத்தினாலும் ஒருத்தனும் நிக்க மாட்டானுங்க."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவருக்குச் சொல்லவில்லை. இவர் மேல்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தீவு மறையும் வரை நின்றார். சாப்பிடக் கூப்பிட்டேன். "பசிக்கல" என்றார்.


கார்த்திகை 5, புதன். மினிக்காய்

வெயில். கடல் எண்ணெய் மாதிரி.

இங்கே மொழி வேறு. மலையாளமும் இல்லை, தமிழும் இல்லை, பாடுவது மாதிரி பேசுகிறார்கள். வழிகாட்ட வந்தவர் ஹசன். ஐம்பது வயது இருக்கும். கப்பலில் வேலை பார்த்துத் தூத்துக்குடியில் பல வருடம் கிடந்தவராம், நல்ல தமிழ். தெருவெல்லாம் வெள்ளை மணல், காலையில் பெருக்கிய தடம் அப்படியே இருக்கிறது. மிதிக்கவே மனசில்லை. வீட்டு வாசல்களில் பெண்கள் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தார்கள். நாங்கள் அவர்களைப் பார்த்தோம். ஒரு பெண் என் மூக்குத்தியைக் காட்டித் தன் பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நல்லபடியாகத்தான் சொல்லியிருப்பாள்.

மாசிக்கருவாடு வாங்கினேன், கௌசல்யாவுக்கும் சேர்த்து.

"இங்க ஆம்பளைங்க எல்லாம் கப்பலுக்குப் போயிருவாங்க. வீடு பொம்பளைங்க கையில" என்றார் ஹசன்.

"முடிவெல்லாம் யாரு எடுக்கிறது?" என்று கேட்டேன்.

"அவங்கதான். நாங்க திரும்பி வந்து கேட்டுக்கிடுவோம்."

டீச்சரம்மா கை தட்டினார். இவர் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதில் ஏறினோம். சுற்றிச் சுற்றிப் படி. பாதியில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டேன். இவர் இரண்டு படி கீழே உட்கார்ந்து காத்திருந்தார். மேலே போனதும் காற்று அறைந்தது. ஒரு பக்கம் அசையாத வெளிர்த் தண்ணீர். மறு பக்கம் கரும் நீலம், அதற்கு முடிவே இல்லை. நடுவில் தீவு, முழுக்கத் தென்னந்தலைகள். இவ்வளவு சின்ன இடத்தில் இத்தனை பேர் தூங்கி எழுந்து கல்யாணம் செய்து சாகிறார்கள். தலை லேசாகச் சுற்றிற்று. சந்தோஷத்தில் சுற்றியதுதான். இப்படியே இங்கே இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. திங்கட்கிழமையே வராமல்.

அப்போதுதான் சொன்னேன். டீச்சரம்மாவும் அவர் கணவரும் மறு பக்கம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, அந்தக் கையெழுத்தைப் போடாதீக."

இவர் லுங்கி மடிப்பை இழுத்துச் செருகினார்.

"ஒங்களைத்தான். அண்ணாச்சி என்ன நெனச்சாலும் சரி. போடாதீக."

"போட்டாச்சு மாரி."

காற்றில் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கேட்டது சரிதான்.

"தீபாவளிக்கு முந்துன நாளு அண்ணாச்சி நம்ம வீட்டுக்கு வந்தாருல்ல? நீ காபி போட உள்ள போயிருந்த. அப்பவே போட்டுட்டேன். ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் குடுத்துட்டேன். திங்கக்கெழமை பூஜை முடிஞ்சதும் மச்சான் கொண்டுபோயி லைசென்ஸ் குடுக்கிற ஆபீசர் கிட்ட குடுக்கப் போறாரு."

"திங்கக்கிழமைதான் கையெழுத்துன்னு சொன்னீகளே?"

"ஒனக்குத் தெரிஞ்சா நீ இந்தக் கடலைப் பாக்க மாட்டன்னு நெனச்சேன்."

காபி போடும் நேரம்! பால் பொங்கி வரும் நேரத்துக்குள்! அன்றைக்கு அண்ணாச்சிக்குப் பெரிய டம்ளரில், சர்க்கரை குறைத்து, பார்த்துப் பார்த்துப் போட்டுக் கொடுத்தேனே. அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

இறங்கும்போது இவர் பின்னாலிருந்து "பாத்து, பாத்து" என்றார். நான் திரும்பவே இல்லை. படகில் டீச்சரம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.


கார்த்திகை 6, வியாழன். கப்பல்

நாள் முழுக்கக் கடல்தான். கரை இல்லை, பறவை இல்லை. மேல்தட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வானம் எங்கே முடிகிறது என்று தேடிக்கொண்டே இருந்ததில் கண் சொருகியது. கோபத்தோடு தூங்கி, கோபத்தோடு விழித்தேன். நடுவில் மட்டும் கோபமில்லை, அந்த நீலம்தான்.

இவர் டீ கொண்டுவந்தார். வாங்கவில்லை. நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார். ஆறிப்போனதைக் குடித்தேன். டீ என்ன பாவம் செய்தது?

மதியம் மறுபடி டீ. இந்தத் தடவை போகவில்லை, தரையில் உட்கார்ந்துகொண்டார். கடலைப் பார்த்தே பேசினார்.

"அன்னைக்குக் கல்பேனியில கை நீட்டுனேன்ல?"

"ம்."

"எல்லாரும் நின்னாங்கல்ல?"

"நின்னாங்க."

"அங்கன, அந்த யூனிட்டுல, நான் இருக்க மாட்டேன். என் பேருதான் இருக்கும். ரூமுக்குப் பத்துப் பேரு உக்காருவாங்க. பேருக்குக் கை உண்டா மாரி? அது எந்தக் கையை நீட்டி நிறுத்தும்?"

கோபமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அது பயம்தான். இவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். அதை விடப் பெரிய பயம், இன்னும் பார்க்காத பத்துப் பேரைப் பற்றி இவர் ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டே இருப்பார் என்பது.

"இப்ப என்ன செய்யப் போறீக?"

"பூஜைக்கு முன்ன போயி வாங்கிட்டு வந்துருறேன்."

"குடுப்பாரா?"

"குடுப்பாரு. வேலையும் போயிரும்."

மழை வரும் என்று சொல்வது மாதிரி சொன்னார். வேண்டும் என்று கேட்டவள் நான்தான். கேட்டது கிடைத்ததும் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். இவருக்கு வேறு வேலை தெரியாது. அண்ணாச்சியிடம் சண்டை போட்டு வந்த ஆளை வேறு யார் சேர்ப்பார்கள்? 'கொஞ்சம் பொறுங்க, யோசிப்போம்' என்று நுனி நாக்கு வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

டீயை வாங்கிப் பாதி குடித்துவிட்டு மீதியை இவருக்குக் கொடுத்தேன்.

தூரத்தில் ஒரு தீவு மாதிரி தெரிந்தது. எந்தத் தீவு என்று கப்பல்காரரிடம் கேட்டேன். தீவு இல்லையாம், மேகத்தின் நிழல். ரொம்ப நேரம் கூடவே வந்தது.


கார்த்திகை 7, வெள்ளி. ரயில்

எழுத ஒன்றுமில்லை. டீச்சரம்மா கொச்சியில் கட்டிப் பிடித்து அழுதார். ஐந்து நாள் பழக்கத்துக்கு இவ்வளவா? நானும் அழுதேன். செங்கோட்டை தாண்டியதும் காற்று மாறிவிட்டது, காய்ந்த காற்று. இவர் ஜன்னலோரம். இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எதிரில் இருந்த பெண்பிள்ளை பார்த்துச் சிரித்தாள். பார்க்கட்டும்.


கார்த்திகை 8, சனி. வீடு

திருத்தங்கலில் மழை பெய்ததற்கு அறிகுறியே இல்லை. துணி துவைத்தேன். இவருடைய லுங்கி மடிப்பிலிருந்து வெள்ளை மணல் ஒரு கைப்பிடி. வாளியின் அடியில் தங்கியது. கொட்ட மனமில்லாமல் நின்றேன், பிறகு கொட்டிவிட்டேன்.

அடுப்படியில் நிற்கும்போது இன்னும் தரை ஆடுகிறது. அடுக்குப் பானையைப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு முருகேஸ்வரி வந்தாள். "மதினி, கடல்ல என்ன பாத்தீக?"

"மீன் பாத்தோம்."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

கவரத்தியின் தண்ணீரை இவளுக்கு எப்படிச் சொல்வது?


கார்த்திகை 9, ஞாயிறு

இவர் சட்டையைத் தானே தேய்த்தார். நாலு தடவை தேய்த்திருப்பார். வெளியே போகவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நான்தான் தடுத்துவிடுவேன் என்று பயம்.


கார்த்திகை 10, திங்கள்

ஆறரைக்கு இவர் கிளம்பிப் போனார். பூஜை எட்டு மணிக்கு. பிரஸ்ஸுக்கு லீவு சொல்லிவிட்டேன், காய்ச்சல் என்று. பொய்யும் இல்லை, உடம்பு சுடுகிறது.

செய்தவை: வெங்காயம் உரித்தது, தேவைக்கு மேல். சாமி படங்களைத் துடைத்தது. போனை ஏழு தடவை பார்த்தது. ஜன்னலில் நின்றது. கௌசல்யா போன் செய்தாள், மாசிக்கருவாடு கேட்டு. அவளிடம் சொல்லவில்லை.

ஒன்பதரை. இல்லை.

பத்தரை. இல்லை. மனம் எங்கெங்கோ போகிறது. கொடுத்திருக்க மாட்டார். பேசிப் பேசி இவரைக் கரைத்திருப்பார். அண்ணாச்சி கண் கலங்கினால் இந்த மனுஷன் தாங்க மாட்டார். பூஜை முடிந்து இந்நேரம் வேலையும் ஆரம்பித்திருப்பார்கள்.

பதினொன்றேகாலுக்குப் பைக் சத்தம். வேலை நாளில் இந்நேரத்துக்கு இவர் பைக் சத்தத்தை எங்கள் தெரு கேட்டதே இல்லை. முருகேஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

சட்டைக்குள் பிளாஸ்டிக் கவர். சர்டிபிகேட். கையெழுத்துப் போட்ட பேப்பரும் உள்ளே, இரண்டாகக் கிழித்தது. கையில் ஒரு தூக்குவாளி.

"என்ன சொன்னாரு?"

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். குடித்தார்.

"மொதல்ல சிரிச்சாரு. வெளையாடுறேன்னு நெனச்சாரு. பெறகு மச்சான் கத்துனாரு. அண்ணாச்சி அவரை வெளிய போகச் சொல்லிட்டாரு. 'ஏலே, ஒன்னைய நான் ஜெயிலுக்கு விட்டுருவேனா? இம்புட்டுதான் ஒனக்கு என்மேல நம்பிக்கையா?'ன்னாரு."

"நீங்க?"

"'நம்பிக்கை இருக்கு அண்ணாச்சி. அங்கன உக்காரப் போற ஆளுகளுக்கு என்ன சொல்ல?'ன்னேன். பீரோவைத் தொறந்து இதை எடுத்துக் கையில குடுத்தாரு. 'இனிமே இந்தப் பக்கம் வராத'ன்னாரு. என் மொகத்தைப் பாத்துச் சொல்லல."

டம்ளரைக் கீழே வைத்தார்.

"வண்டிய எடுக்கேன், வாட்ச்மேன் ஓடியாறாரு. அண்ணாச்சி குடுத்து விட்டாராம். பூஜைப் பொங்கல்."

வாளியைத் திறந்தேன். சர்க்கரைப் பொங்கல், இன்னும் சூடு. முந்திரி தாராளம். தட்டு எடுக்கக்கூடத் தோன்றவில்லை. தரையில் உட்கார்ந்து வாளியிலிருந்தே இரண்டு பேரும் எடுத்துத் தின்றோம். இவர் இரண்டு வாய் தின்றதும் அழுதார். சத்தமில்லாமல், மென்றுகொண்டே. நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். எனக்குச் சந்தோஷம். பயமும்தான். நாளைக்குக் காலை ஆறரைக்கு இந்த மனுஷன் என்ன செய்வார் என்று தெரியவில்லை.

இப்போது உள்ளே தூங்குகிறார். நடுப்பகலில்.

வாளி அண்ணாச்சி வீட்டுடையது. மூடியில் அவர் பேர் வெட்டியிருக்கிறது. கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அதைத் திருப்பிக் கொடுக்க யார் போவது என்று நாங்கள் இன்னும் பேசவில்லை.